மச்சானின் நாற்பத்தைந்து செக்கன்

மச்சானின் ஆபரேஷன் செய்த முழங்காலைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் நான் ரொறன்ரோவுக்குப் புறப்பட்டேன். விசா கைக்கு வருவதற்குள் முழங்கால் சுகமாகிவிட்டது. "சுகமான முழங்காலையும் ஒருக்கால் பாத்திட்டு வாங்கோவன், என்ன குறைஞ்சு போகுது?" என்றாள் மனைவி. அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். கருவாட்டுப் பொதியையும் பனங்கட்டி நிறைத்த ஓலைக் குட்டானையும் என் பெட்டிக்குள் அமுக்கி அனுப்பிவிட்டாள்.

விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று என் பெட்டியருகே வந்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதிகாரி பெட்டியைத் திறந்தார். உடனே மூடினார். "போங்கள், தயவுசெய்து சீக்கிரம் போங்கள்" என்றார்.

வெளியே மச்சான் அமலதாஸ் ஊன்றுகோலோடு நின்றார். ஊன்றவில்லை, சுழற்றிக்கொண்டு நின்றார். நான் நலம் விசாரிக்க வாயைத் திறந்தேன்.

"முழங்கால் கிடக்கட்டும் மச்சான். முந்தநாள் மாச்சில என்ர மகள் பாத்த வேலையைக் கேளும்!"

மகள் மெலனிக்கு இருபத்துமூன்று வயது. பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. ஆறு வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள். மில்லிக்கன் பக்கத்துப் பெண்கள் அணியில் டிபென்ஸ், அதாவது பின்காவல். பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வட்டு, முறை முடிந்தவர்கள் வந்து இருக்க ஓரத்தில் ஒரு வாங்கு. இப்போது பிளேஓஃபின் இறுதிச் சுற்று. மூன்று ஆட்டத்தில் யார் முதலில் இரண்டை வெல்கிறார்களோ அவர்களுக்குக் கிண்ணம். எதிரணி விட்பியிலிருந்து வருகிறது. முதல் ஆட்டத்தில் மெலனியின் அணி ஒரு கோலால் தோற்றிருந்தது. அந்த ஒரு கோலுக்குக் காரணம் மெலனி என்று பெற்ற தகப்பனே நெடுஞ்சாலை முழுக்க எனக்கு வழக்குரைத்துக்கொண்டு வந்தார்.

பங்குனி மாதம். மன்னாரில் அந்நேரம் கழுதைகூட நிழலைவிட்டு அசையாது. இங்கே தெருவோரத்தில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. ஆறு பாதை, அத்தனையிலும் கார், ஒன்றும் நகரவில்லை. ஊரில் இப்படி நின்றால் இறங்கிப் போய்ப் பக்கத்து வாகனக்காரனோடு சொந்தம் கொண்டாடிவிட்டு வரலாம். இங்கே எல்லாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனித்தனியாகக் கோபப்படுகிறார்கள்.

வீட்டுக்குப் போகுமுன் என்னை ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பிளாசாவுக்குக் கூட்டிப்போனார். சேலைக்கடை, கார் ஓட்டப் பழக்கும் கடை, கணக்காளர் கந்தோர், எல்லாவற்றுக்கும் நடுவில் ரஜனி அக்காவின் சாப்பாட்டுக் கடை. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்து வெள்ளிக்கிழமை, எங்கள் கத்தோலிக்கச் சனம் இறைச்சி தொடாது. அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் ரோல்ஸ் மலையாகக் குவிந்திருந்தது. கடித்தேன். மேல்தோல் மொறுமொறு, உள்ளே மிளகு தொண்டை வரை போய் வணக்கம் சொன்னது. இது மன்னாரில் கிடைக்காத ருசி என்று எழுதினால் மனைவி வாசிப்பாள் என்பதால், கிட்டத்தட்ட அதே ருசி என்று எழுதுகிறேன்.

மூலை மேசையில் ஒருவர் காத்திருந்தார். சிவபாதம் அண்ணை, மட்டக்களப்புக்காரர், நகரத்துப் பஸ் சாரதி. மெலனி விளையாடும் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவர்.

"வாங்க அமல். அந்த மாத்தத்தப் பத்தி இன்னும் கதைக்கணும்" என்று பாலில்லாத பிளேன்ரீயைத் தள்ளி வைத்தார்.

"என்னத்தைக் கதைக்கிறது? பக் எங்க போகுதெண்டு பாராமல் வாங்குக்கு ஓடி வந்திட்டாள். பின்னால ஒருத்தருமில்லை. கோல்!" என்றார் மச்சான்.

"டிபென்ஸ் எண்டா காவல்காரன் மாதிரி. வீட்ட விட்டிட்டு ரீ குடிக்கப் போகலாமா?"

ரஜனி அக்கா தட்டோடு வந்தார். "உங்க ரெண்டு பேரையும் ஐஸில விட்டா விழுந்து எழும்பவே ரெண்டு மாச்சு முடிஞ்சிடும். வாயால நல்லா ஸ்கேற் பண்ணுறியள்."

நான் சட்டைப் பையிலிருந்த கொப்பியை எடுத்து அதை எழுதிக்கொண்டேன். இது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த ஆள் நான். மன்னாரில் உதைபந்தாட்டப் போட்டியென்றால் முப்பது வருசமாக ஒலிவாங்கி என் கையில்தான். அதில் நான் பேசியதெல்லாம் ஊர்ச்சனத்தின் வாயிலிருந்து பொறுக்கியது. சனம் பேசுவதைப் போல் படிப்பு வேறில்லை.

ஆனால் இந்த மாற்றம் எனக்குப் பிடிபடவில்லை. உதைபந்தில் ஆளை மாற்றுவதென்றால் ஆட்டம் நிற்கும், பலகை உயரும், நான் பெயரை வாசிப்பேன். சிவபாதம் அண்ணை விளக்கினார்.

"இஞ்ச பாருங்க. நாங்க பஸ் ட்ரைவர்மார் பஸ் நிண்டாப் பிறகுதான் ஆள் மாறுவம். இந்தப் புள்ளையள் ஓடுற பஸ்ஸில மாறுதுகள். ஒரு நிமிசம் ஓடினா மூச்சு வாங்கும், உடனே ஒருத்தி உள்ளுக்க, ஒருத்தி வெளிய. ஆட்டம் மூணு பகுதி. அதுவும் நடுப் பகுதியில அணிகள் பக்கம் மாறுறதால நம்மட கோல் பக்கத்தில இருந்து வாங்கு தூரம். டிப்போ தூரமெண்டா நேரம் பாத்து இறங்கணும், இல்லாட்டி பஸ் தனியா ஓடும்."

"நாப்பத்தஞ்சு செக்கன்" என்றார் மச்சான், கைக்கடிகாரத்தைத் தட்டி. "அவள் சின்னப்பிள்ளையா இருக்கேக்க ஒரு கோச் சொன்னவர். ஒருத்தர் ஐஸில நிக்கிறது நாப்பத்தஞ்சு செக்கன். அதுக்குமேல நிண்டா கால் களைச்சுப் பிழை விடும்." இருபத்தெட்டு வருசம் கார்ப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் மணியடித்தால் இயந்திரத்தைவிட்டு விலகியவர். நேரம் என்றால் அவருக்கு வேதவாக்கு.

மறுநாள் காலை சமையலறையில் மெலனி எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். அந்தக் கோலைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"என்ர பிழைதான் மாமா. கோச் சீரியஸா சொல்லிட்டா. இன்னொருக்கா அப்பிடி நடந்தா என்னை வாங்கில இருத்திறாவாம். ஃபைனல்லயும்." சிரிக்கப் பார்த்தாள், சரிவரவில்லை. "பதினேழு வருசம் விளையாடுறன். பிளேஓஃப்ல இவ்வளவு தூரம் வந்ததே இதான் முதல் தரம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆட்டம், விட்பியில். தோற்றால் எல்லாம் முடிந்தது. கோவில் பூசை முடிந்து மச்சானும் நானும் புறப்பட்டோம். மெலனி முன்னமே போய்விட்டாள். கிழக்கே போகப் போக ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள். எது யாருடைய வீடென்று அந்தச் சனம் எப்படிக் கண்டுபிடிக்கிறதோ தெரியாது.

நாங்கள் ஆட்ட மண்டபத்தையே ஒழுங்காகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் நான்கு ஐஸ் திடல். ஒரு கதவைத் தள்ளினோம், உள்ளே செம்மஞ்சள் சட்டை. மெலனியின் அணிக்கும் செம்மஞ்சள்தான். ஓர் ஆளின் முதுகில் மெலனியின் நான்காம் இலக்கம். தலைக்கவசத்துக்குள் யார் யாரென்று யார் கண்டது? மச்சான் கம்பிக்கருகே நின்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். "மெலனி! விடாத பிள்ளை! அப்பா இருக்கிறன்!" அரை மணி நேரம் கத்தினார். அந்த நான்காம் இலக்க ஆளும் நன்றாகத்தான் விளையாடியது.

பிறகு அது எங்களுக்கு முன்னால் வந்து விழுந்து, எழும்பி, கவசத்தைக் கழற்றியது. உள்ளே நரைத்த மீசை.

பக்கத்தில் போர்வையால் மூடிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா மச்சானின் கையைப் பிடித்தார். "அது என் கணவர். அவரை இவ்வளவு அன்பாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்" என்றார்.

சரியான திடலுக்கு நாங்கள் ஓடி வந்தபோது முதல் பகுதி முடிந்திருந்தது. பலகையைப் பார்த்தோம். மெலனியின் அணி இரண்டு, விட்பி பூச்சியம். சிவபாதம் அண்ணை மேல் வரிசையிலிருந்து கையாட்டினார். "எங்க போனீங்க? புள்ள பாறை மாதிரி நிக்கிறாள். ஒரு மாத்தம் பிழைக்கல்ல!"

மச்சான் நேரே போய் அணியின் வாங்குக்குப் பின்னால் தனது வழக்கமான இடத்தில் நின்றார். நான் அவருக்கு அருகில். இரண்டாம் பகுதி தொடங்கியது. மெலனி உள்ளே குதித்தாள். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த ஒற்றைச் சொல் புறப்பட்டது.

"வா!"

மூன்று மைதானத்துக்குக் கேட்கும் குரல். மெலனி அப்போது தூரத்தில், தன் கோலுக்கு முன்னால் நின்றாள். பக் விட்பிக்காரியின் தடியில். முப்பது வருசம் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து வாயால் சொன்னவன் நான். எது முதல், எது பிறகு என்பது எனக்குத் தப்பாது. முதலில் குரல். பிறகு அவளுடைய வலது கால் திரும்பியது. பிறகுதான் அவள் முகம் திரும்பியது, இதென்ன செய்கிறேன் என்பதுபோல. அதற்குள் பாதி வழி வந்துவிட்டாள். மாற்று ஆள் ஒரு காலை மட்டுமே உள்ளே வைத்திருந்தாள். விட்பிக்காரிகள் இரண்டு பேர் வெறும் வெளியில் போனார்கள். கோல்.

"பாத்தீரோ? பாத்தீரோ மச்சான்? திரும்பவும் அதே பிழை!" என்று மச்சான் தலையில் கைவைத்தார்.

நான் பார்த்தேன். அவர்தான் பார்க்கவில்லை.

கோச் மெலனியின் தோளைத் தொட்டு வாங்கின் கோடியைக் காட்டினார். மீதி ஆட்டம் முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். அணி எப்படியோ மூச்சைப் பிடித்து இரண்டுக்கு ஒன்று என வென்றது. தொடர் சமநிலை. எல்லாரும் துள்ளினார்கள். அவளும் துள்ளினாள், கடைசியாக.

மச்சான் காரை எடுக்கப் போன நேரம் அவளும் நானும் சிற்றுண்டிச்சாலையில் இருந்தோம். உருளைக்கிழங்குப் பொரியலின்மேல் குழம்பை ஊற்றி, பாற்கட்டியைப் போட்டு ஒரு சாப்பாடு இந்த நாட்டில் இருக்கிறது. மழையில் நனைந்த பொரியல் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் வாயில் மன்னிப்புக் கேட்டேன்.

"பிள்ளை, அப்பான்ர குரல் கேட்டுத்தானே வந்தனீ?"

அவள் முள்ளுக்கரண்டியை வைத்தாள். "கோச் சொல்றது காதுக்கு வரும் மாமா. அப்பா கூப்பிடுறது காலுக்குப் போயிடுது. ஆறு வயசில இருந்து அந்த 'வா'வுக்கு வந்து பழகிட்டன். இந்த சீசன் ஃபுல்லா அவர் ஆபரேஷனால வரேல்ல. நான் நல்லா விளையாடினன். இப்ப திரும்ப வாறார்..." நிறுத்தினாள். "ப்ளீஸ், அவருக்குச் சொல்லாதேங்கோ. விடியக் காலமை அஞ்சு மணிக்கு, ஸ்னோவில, எத்தினை விண்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். வராதேங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்றது?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மிச்சப் பொரியலை அவள் பக்கம் தள்ளினேன்.

புதன்கிழமை மச்சானின் முழங்காலுக்கு நடைப்பயிற்சி. வெளியே குளிர் என்பதால் இங்குள்ள வயதானவர்கள் மோலுக்குள் கடை திறக்குமுன் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். மெலனியின் கதையை நான் சொல்லக்கூடாது. ஆனால் என்னுடைய கதையைச் சொல்ல எனக்கு எவரும் தடை போடவில்லையே.

"மச்சான், எங்கட ஊர் இறுதியாட்டம் ஒண்டில நான் மைக்கில ஒரு வேலை பாத்தனான். சனத்துக்குள்ள ஆரோ விசில் அடிச்சான். நடுவர் எண்டு நினைச்சு 'ஆட்டம் நிறுத்தப்படுகிறது' எண்டு சொல்லிப்போட்டன். கோல்காப்பாளன் கையைக் கீழ விட்டான். பந்து உள்ளுக்க போச்சு. நடுவர் கோல் குடுத்திட்டார். நான் என்ன சொன்னனான் தெரியுமே? 'காப்பாளரின் கவனயீனம்' எண்டு அதே மைக்கில சொன்னனான். ஊரே அவனைத் திட்டினது. மைக் குரலைக் கேட்டுத்தான் நிண்டனான் எண்டு அவன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நானும் சொல்லேல்ல. அடுத்த வருசம் அவன் விளையாட வரேல்ல."

மச்சான் சிரிக்கத் தொடங்கினார். செருப்புக்கடை வரை சிரித்தபடி வந்தார். கண்ணாடிக் கடைக்கு முன்னால் சிரிப்பு நின்றது. இன்னும் ஒரு சுற்று நடந்தார்.

"விட்பியில முதல் பகுதி நான் அங்க இல்லை" என்றார்.

"ஓம்."

"அந்த மீசைக்காரனுக்குக் கத்திக்கொண்டு நிண்டனான்."

"ஓம்."

"நான் ஆபரேஷனில கிடந்த மாச்செல்லாம் வெண்டவையள்."

அவர் அங்கிருந்த வாங்கொன்றில் உட்கார்ந்தார். முழங்கால் நோவால் அல்ல. கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். "பிள்ளை எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே மச்சான்" என்றார். குரல் அவ்வளவு சிறிதாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ரஜனி அக்காவின் கடை. சிவபாதம் அண்ணை சீனிப் பக்கெற்றுகளை மேசையில் வரிசையாக அடுக்கி, யார் எங்கே நின்றார்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார். "புள்ளைய ஃபைனலில இருத்துறதுதான் நல்லது அமல். ஒரே பிழைய ரெண்டு தரம் விட்டா—"

"பிழை பிள்ளையின்ரயில்லை" என்றார் மச்சான். கடையே திரும்பிப் பார்த்தது. "என்ர வாயின்ர பிழை. நான் மணியைப் பாத்தனான், பக்கைப் பாக்கேல்ல. நான் வா எண்டன், அவள் வந்தாள். ரெண்டு தரமும். நீங்கள் அவளை ஏசேக்க நானும் சேர்ந்து ஏசினனான்."

சிவபாதம் அண்ணை சீனிப் பக்கெற்றுகளைப் பார்த்தார். அவற்றில் மச்சானுக்கு ஒரு பக்கெற் வைத்திருக்கவில்லை. ஒன்றை எடுத்து வாங்குக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். "அடடா" என்றார்.

"தபசுக்கு இறைச்சியை விட்டனான். காணாது. ஞாயிற்றுக்கிழமை மாச் முடியுமட்டும் வாயையும் விடுறன்."

"அண்ணை, இறைச்சியை விடுறது லேசு" என்றார் ரஜனி அக்கா. "ஆனா நீங்கள் ஞாயிறு வாய் திறக்காட்டி, திங்கள் உங்களுக்கு என்ர கணக்கில ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி."

"திங்களும் தபசு காலம்தான்."

"சரி, அப்ப கணவாய்க் கொத்து."

ஞாயிறு பிற்பகல், மூன்றாம் ஆட்டம், மில்லிக்கன் பக்கத்து ஐஸ் திடல். ஆட்டத்துக்கு முன் மச்சான் கோச்சைத் தேடிப் போனார், நானும் பின்னால் போனேன். ஊன்றுகோலை அன்றுதான் உண்மையாக ஊன்றினார். தொழிற்சாலை ஆங்கிலத்தில் நடந்ததை ஒப்புவித்தார். கோச் ஒரு நெட்டைப் பெண். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எல்லா அப்பாக்களும் கத்துகிறார்கள், ஐயா. சொன்னதைக் கேட்கிற மகள் எனக்கு இந்த ஒருத்திதான். அவளை முதல் வரிசையில் இறக்குகிறேன். நீங்கள் அந்தப் பக்கம் போய் இருங்கள்." கை காட்டிய இடம் திடலின் எதிர்க்கரை.

கவசம் பூட்டிக்கொண்டிருந்த மெலனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தகப்பனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் மச்சான் பட்ட பாட்டை நான்தான் அறிவேன். கழுத்துத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டார். மெலனி உள்ளே போகும்போதெல்லாம் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் என் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கு தூரமான அந்த நடுப் பகுதியில் ஒருமுறை வாய் தானாகத் திறந்தது, அவரே கையால் பொத்தினார். மெலனி ஐம்பது செக்கனுக்கு மேல் நின்றாள், விட்பியின் பக்கைப் பறித்து வெளியே அடித்தாள், பிறகுதான் மாறப் போனாள். மச்சான் என் தொடையைப் பிடித்த பிடியில் நீலம் கட்டியது இன்னும் போகவில்லை.

கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு. இன்னும் மூன்று நிமிசம். பக் மெலனியின் தடிக்கு வந்தது. முன்னால் வெளி. சனம் எழும்பிவிட்டது. சிவபாதம் அண்ணை தொப்பியைச் சுழற்றினார். "போ மகள்! நீயே போ! அடி!"

அவள் நடுக்கோட்டைத் தாண்டினாள். தோள்கள் இறங்கிக் கிடந்தன, மூச்சு வாங்குவது இந்தக் கரைக்கே தெரிந்தது. அடிக்கவில்லை. பக்கை எதிர் மூலைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, அது போய்ச் சேருவதைத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாங்குக்குத் திரும்பினாள். சனம் "ஐயோ" என்றது. அவள் கால் சுவரைத் தாண்டும்போதே கிரண் என்ற பஞ்சாபிப் பிள்ளை உள்ளே குதித்தாள், புதுக் கால், புது மூச்சு. களைத்துப்போன விட்பிக்காரிகள் மூலையிலிருந்து பக்கை வெளியே எடுக்கத் தடுமாற, கிரண் பாய்ந்து பறித்தாள். ஓர் அடி.

வலை அசைந்தது. மூன்றுக்கு இரண்டு.

எல்லாரும் கிரணின் பெயரைக் கத்தினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். மச்சான் மட்டும் கோலைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையில் வாங்கில் குனிந்து தண்ணீர் குடிக்கும் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். துணி இன்னும் வாயில். கண்ணால் கொட்டியது. என் கையைப் பிடித்து ஐஸில் மெலனி திரும்பிய இடத்தைக் காட்டினார், பிறகு வாங்கைக் காட்டினார், பிறகு வலையைக் காட்டினார். ஊமை மொழியில் அந்தக் கோலை எனக்கு முழுதாக வாசித்தார். முப்பது வருசத்தில் நான் அப்படியொரு நேர்முக வர்ணனை செய்ததில்லை.

மீதி நிமிசங்களும் ஓடின. ஊதல் ஒலித்தது. கையுறைகள் ஆகாயத்தில் பறந்தன. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள். சிவபாதம் அண்ணை படியிறங்கி வந்து, "ஓடுற பஸ்ஸில எப்பிடி இறங்கினாள் பாத்தீங்களா? இதத்தான் நான் அண்டைக்கே சொன்ன!" என்றார். சற்றுமுன் 'நீயே போ, அடி' என்று கத்தியவரும் அவர்தான். அன்றைக்கு யாரும் அவரைத் திருத்தவில்லை.

குவியலுக்குள்ளிருந்து மெலனி எழும்பினாள். கவசத்தைக் கழற்றினாள். எதிர்க்கரை முழுக்கத் தேடி, எங்களைக் கண்டுபிடித்தாள். வாங்குக்கு அருகிலேயே நின்றபடி ஒரு கையைக் காதருகே குவித்தாள். கேட்கவில்லையே அப்பா, என்பதுபோல.

மச்சான் துணியை வாயிலிருந்து எடுத்தார். கண்ணாடிச் சுவரில் இரண்டு கைகளையும் வைத்தார்.

"வா!"

நான்கு மைதானத்துக்குக் கேட்டிருக்கும். அவள் வந்தாள், அகன்ற ஐஸ் முழுவதையும் குறுக்கறுத்து, ஒரே மூச்சில்.